பெல்கிரேடில் மூன்று நாள்: சுற்ற, சாப்பிட, இரவைக் கழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வியன்னாவையோ பிராகையோ பார்த்துவிட்டு பெல்கிரேடில் இறங்குகிறவர்களுக்கு முதல் நாள் சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆஸ்திரிய பாணிப் பழைய மாளிகை, அதை ஒட்டிச் சாயம் போன சோஷலிசக் காலத்து அடுக்குமாடி, அதற்கும் அப்பால் புதுக் கண்ணாடிக் கோபுரம் என்று ஊர் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும். 1941-இல் ஜெர்மானியர் குண்டு போட்டார்கள், 1944-இல் நேச நாடுகள் போட்டன, 1999-இல் நேட்டோ போட்டது. அறுபது ஆண்டுக்குள் மூன்று முறை இடிபட்ட ஊருக்கு ஒரே முகம் எப்படி இருக்கும்?

செர்பியத் தலைநகரை நின்று பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்க்க வேண்டும். காபிக்கடை மேசை, கஃபானா எனும் பழைய பாணி உணவகத்தின் மேசை, ஆற்றங்கரை மதில் ஆகிய மூன்றிலும் நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தால் ஊர் தானே பேச ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குப் பத்து இடம் என்று பட்டியல் போட்டு ஓடுகிறவர்களுக்கு அது பிடிபடாது. அதனால் இந்த வழிகாட்டியில் இடங்கள் குறைவு, ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் அதிகம்.

படி 1: விசாவும் பருவமும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2017 முதல் விசா இல்லாமல் செர்பியா போக முடிந்தது. அந்தச் சலுகை 2023 ஜனவரி 1 முதல் கிடையாது. பழைய யூடியூப் காணொளிகளை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால் தனி செர்பிய விசா தேவையில்லை. ஐரோப்பியச் சுற்றுலாவோடு பெல்கிரேடைச் சேர்த்துக்கொள்ள இதுதான் எளிய வழி.

ஆனால் செர்பியா ஷெங்கன் நாடு அல்ல. ஒரே முறை நுழையும் விசாவில் வியன்னாவிலிருந்து பெல்கிரேடு வந்துவிட்டால் திரும்ப வியன்னாவுக்குள் காலடி வைக்க முடியாது. பலமுறை நுழையும் விசா இருக்கும்போது மட்டும் இந்த ஊரைத் திட்டத்தில் சேருங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: கொசோவோவைத் தனி நாடாக செர்பியா ஏற்கவில்லை. முதலில் கொசோவோவில் இறங்கி அங்கிருந்து தரை வழியாக வந்தால், செர்பிய நுழைவு முத்திரை இல்லையென்று எல்லையில் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும்; நமக்குப் பழகியதுதான் என்றாலும் பழைய கட்டடங்களில் காற்று புழங்காது. குளிர்காலத்தில் கோஷாவா என்ற தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் விடாமல் வீசி எலும்புக்குள் இறங்கும். ஜூன் கடைசியில் மாலை எட்டரைக்குத்தான் பொழுது சாயும், டிசம்பரிலோ நான்கு மணிக்கே இருட்டிவிடும். கோட்டையிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: விமான நிலையத்திலிருந்து அறைவரை

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய் வழியாக வரலாம். நிகோலா டெஸ்லா விமான நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். 72-ஆம் எண் பேருந்து அங்கிருந்து நகர மையத்தில் உள்ள ஸெலெனி வெனாத்ஸ் சந்தைக்கு வருகிறது. 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் நகரப் பேருந்து, டிராம், டிராலி பஸ் எல்லாமே எல்லோருக்கும் இலவசம். டிக்கெட் இயந்திரம் தேட வேண்டாம், வெளிநாட்டவர் என்று யாரும் தனியாகக் கேட்கவும் மாட்டார்கள்.

டாக்ஸிதான் வேண்டுமென்றால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வருகைப் பகுதியில் "டாக்ஸி, டாக்ஸி" என்று காதருகே வந்து கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள். பெட்டி எடுக்கும் இடத்திலேயே டாக்ஸி மேசை இருக்கிறது. போகும் பகுதியைச் சொன்னால் கட்டணம் அச்சிட்ட சீட்டு தருவார்கள். முதல் பயணத்தில் அவசரத்தில் அந்தச் சீட்டு வாங்காமல் ஏறி, சரியான கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்தேன். ஊருக்குள் செயலி வழியாக வண்டி அழைப்பது பாதுகாப்பு. முறையான டாக்ஸியின் எண் பலகை 'டி எக்ஸ்' என்ற இரண்டு எழுத்தில் முடியும்.

தங்குவதற்கு ஸ்தாரி க்ராத் எனப்படும் பழைய நகரம் வசதி. கோட்டை, கஃபானாக்கள், ஆற்றங்கரை எல்லாம் நடக்கும் தூரம். அதற்குள்ளேயே தோர்ச்சோல் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. மரநிழல் தெருக்கள், மூலைக்கு மூலை காபிக்கடை. அமைதி வேண்டுமென்றால் வ்ராச்சார். வெள்ளி, சனி இரவுகளில் தூக்கம் முக்கியம் என்பவர்கள் கஃபானாக்கள் நிறைந்த ஸ்கதார்லியா தெருமேலேயே அறை எடுக்க வேண்டாம். வெளிநாட்டவர் ஊருக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறைப் பதிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், தனியார் குடியிருப்பு என்றால் வீட்டுக்காரரிடம் "வெள்ளைச் சீட்டு போட்டாயிற்றா?" என்று கேட்டு வாங்குங்கள்.

நாணயம் தினார். ஒரு யூரோவுக்கு சுமார் 117 தினார் என்ற விகிதம் பல ஆண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. யூரோவைக் கொண்டுபோய், தெருவுக்குத் தெரு இருக்கும் மென்யாச்னித்சா எனும் மாற்றுக்கடைகளில் மாற்றலாம். ரூபாய் அங்கே செல்லாது. அட்டை பெரும்பாலான இடங்களில் ஓடும். சந்தைக்கும் ரொட்டிக்கடைக்கும் கஃபானா இசைக்காரர்களுக்கும் சில்லறை நோட்டு வேண்டும். மிஞ்சும் தினாரை அங்கேயே செலவழித்துவிடுங்கள். நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம்.

படி 3: கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் சொல்

செர்பிய மொழிக்கு சிரிலிக், லத்தீன் என்று இரண்டு எழுத்தும் உண்டு. பலகைகளில் இரண்டும் கலந்து வரும். சிரிலிக்கில் ஆங்கில 'பி' (P) போலத் தெரிவது 'ர', 'எச்' போலத் தெரிவது 'ந', 'சி' போலத் தெரிவது 'ஸ', இன்னொரு 'பி' (B) என்று நாம் நினைக்கும் பெரிய எழுத்து 'வ'. இந்த நான்கு தெரிந்தாலே, 'பெக்டோபா' (PECTOPAH) என்று கண்ணில் படுவது 'ரெஸ்டோரான்' என்று விளங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் வூக் கராஜிச் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒலி. எழுத்தைக் கற்றுக்கொண்டால் பொருள் தெரியாவிட்டாலும் பிழையில்லாமல் வாசிக்க முடியும்.

சொற்கள்: தோபர் தான் (வணக்கம்), ஹ்வாலா (நன்றி), மோலிம் (தயவுசெய்து), ராச்சுன் (பில்). இளைஞர்கள் பெரும்பாலும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆனாலும் சந்தையில் காய் விற்கும் பாட்டியிடம் "ஹ்வாலா" என்று சொல்லிப் பாருங்கள், கையில் இன்னொரு தக்காளி வந்து விழும்.

படி 4: முதல் நாள், நடந்தே

காலையில் குடியரசுச் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் குதிரைமேல் அமர்ந்திருப்பவர் இளவரசர் மிஹாய்லோ. சிலை 1882-இல் வைத்தது. பெல்கிரேடுக்காரர்கள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் "குதிரையடியில்" என்றுதான் சொல்வார்கள். எதிரே தேசிய அருங்காட்சியகம். பதினைந்து ஆண்டு மூடிக் கிடந்து 2018-இல் மறுபடி திறந்தது. ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் விடுமுறை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வண்டி புகாத க்னெஸ் மிஹாய்லோவா தெருவில் மெதுவாக நடந்தால் கால் மணியில் கலெமெக்தான் கோட்டை. வழியில் உள்ள குடிநீர் ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஊரில் குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது.

கோட்டையில் அரை நாள் இருங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. சாவா ஆறு டான்யூபில் கலக்கும் முனையில், மேட்டின்மேல் நிற்கிறது. ரோமானியர், பைசாந்தியர், செர்பியர், ஹங்கேரியர், துருக்கியர், ஆஸ்திரியர் என்று ஆளுக்கு ஆள் இதற்காக அடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்த மதிலருகே நின்றால் புரியும். வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, கீழே இரண்டு பெருநதிகளின் நீர்வழி. யார் வந்தாலும் தெரியும், யாரையும் தடுக்கலாம். 1521-இல் சுல்தான் சுலைமான் பிடித்தார். 1867-இல்தான் துருக்கியப் படை கடைசியாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் போர்ப் படகுகள் முதல் குண்டுகளை வீசியதும் இந்த ஊர்மீதுதான், 1914 ஜூலை 28-க்கும் 29-க்கும் இடைப்பட்ட இரவில்.

மதில் விளிம்பில் உயரத் தூண்மேல் நிற்கும் ஆடையற்ற ஆணின் சிலை பொபெத்னிக், வெற்றியாளன். இவான் மெஷ்ட்ரோவிச் வடித்தது. நகர நடுவில் வைக்கத்தான் முதலில் திட்டம். நிர்வாணம் கண்ணை உறுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் 1928-இல் இங்கே, ஆற்றைப் பார்த்தபடி வைத்தார்கள்.

பெரும்பாலானவர்கள் சிலையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கீழே இறங்கி ருஷித்சா தேவாலயத்துக்குப் போங்கள். கொடி படர்ந்த சின்னக் கோயில். உள்ளே தொங்கும் விளக்குக் கொத்துகளை நிமிர்ந்து பாருங்கள்: முதல் உலகப் போர்முனையில் இருந்த சிப்பாய்கள் சுட்டு முடித்த தோட்டா உறைகளையும் வாள்களையும் கோத்துச் செய்தவை. ஊரிலேயே என் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்ட பொருள் அதுதான். அடுத்தாற்போல் ஸ்வேதா பெட்கா சிற்றாலயம், உள்ளே ஊற்று; மக்கள் அந்த நீரைப் பாட்டிலில் பிடித்துப் போவார்கள். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

படி 5: சாப்பாட்டை எப்படி அணுகுவது

செர்பியச் சமையல் கரியடுப்பு இறைச்சியில் நிற்கிறது. செவாப்பி என்பது விரல் நீள இறைச்சி உருளை, ப்ளெஸ்காவித்சா தட்டையான பெரிய வடிவம். இரண்டிலும் மாடும் பன்றியும் கலந்திருப்பது சகஜம். எதைத் தவிர்க்கிறீர்களோ அதற்குரிய சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்: பிலெத்தினா கோழி, யாக்னியெத்தினா ஆடு, ஸ்வின்யெத்தினா பன்றி, யூனெத்தினா மாடு. உடன் கைமாக் வரும். பாலாடையைத் திரட்டி உப்பிட்டுப் புளிக்கவைத்தது, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே ஒரு ருசி. ஐவார் என்பது சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, எண்ணெயில் மணிக்கணக்கில் கிளறிச் சுண்டவைக்கும் தொக்கு. செப்டம்பர் கடைசியில் போனால் சந்தையெங்கும் மூட்டை மூட்டையாக மிளகாயும், குடியிருப்பு முற்றங்களில் அதைச் சுடும் வாசனையும் இருக்கும். நம் ஊர் ஊறுகாய்க் காலம் நினைவுக்கு வரும்.

ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். சாலடும் ரொட்டியும் தனியாகச் சொல்ல வேண்டும், தனியாகக் கணக்கிடுவார்கள். காரம் பிடிக்கும் என்றால் உர்னெபெஸ் கேளுங்கள். பாலாடைக்கட்டியில் மிளகாய் பிசைந்தது.

சைவர்கள் பயப்படத் தேவையில்லை, ஆனால் ஒரு சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும்: போஸ்னோ. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நோன்பு உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களிலும், ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாளும் பக்தர்கள் இதைத்தான் உண்கிறார்கள். அதனால் பல உணவகங்களில் போஸ்னோ வகைகள் எப்போதும் உண்டு. "வெஜிடேரியன்" என்று கேட்டால் யோசிக்கிற பரிமாறுபவர், "போஸ்னோ" என்றதும் சட்டென்று புரிந்துகொள்வார். மீன் மட்டும் போஸ்னோவில் சேர்ந்துவிடும். "பெஸ் ரிபே", மீன் இல்லாமல், என்று கூடவே சொல்லுங்கள்.

என் முதல் பரிந்துரை ப்ரெப்ரனாத்ஸ்: பெரிய வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸை நிறைய வெங்காயமும் மிளகாய்த் தூளும் சேர்த்து மண்சட்டியில் அடுப்பில் வேகவைத்தது. சில இடங்களில் புகையிட்ட இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பால் பொருளும் முட்டையும் பரவாயில்லை என்றால் ஸெல்யானித்சா எனும் கீரை வைத்த மாவு அடுக்கு, கிபானித்சா எனும் பாலாடைக்கட்டி வைத்த மாவு அடுக்கு. ரொட்டிக்கடை மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கண்டிப்பான சைவர்கள் "ஸ்வின்ஸ்கா மாஸ்ட்?" என்று கேட்டு, இல்லை என்று தலையசைத்தபின் வாங்குங்கள்.

இனிப்பில் ஷிட்டோ தேடிப் பாருங்கள். அவித்த கோதுமையை அரைத்து வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தது. குடும்பத்தின் காவல் புனிதரைக் கொண்டாடும் ஸ்லாவா நாளில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது இதுதான். கடைகளில் மேலே பாலாடை நுரையிட்டுத் தருகிறார்கள்.

காபி துருக்கிய முறையில் அடிமண்டியோடு வரும், தோமாச்சா காஃபா என்று கேட்க வேண்டும். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் பில் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். நீங்கள் கேட்டால்தான் வரும். தேநீர்ப் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கேயும் அது 'சாய்'தான், ஆனால் வெறும் சாய் என்றால் புதினா, சீமைச்சாமந்தி போன்ற மூலிகைக் கஷாயம். உடம்புக்கு முடியாதபோது குடிப்பது. நம் தேயிலைக்கு 'த்ஸர்னி சாய்', கறுப்புத் தேநீர், என்று சொல்ல வேண்டும்.

படி 6: கஃபானா மாலை

துருக்கியச் சொல்லில் காபி இல்லம் என்று பொருள் தரும் கஃபானா, இன்று உணவகம், மதுக்கடை, இசையரங்கு, ஊர்த்திண்ணை எல்லாம் சேர்ந்த ஓரிடம். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, மர நாற்காலி, வயதான பரிமாறுபவர். முதல் நாள் மாலை இதற்கு.

தலைமைத் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிற கஃபானாவுக்குப் பெயர் '?'. கேள்விக்குறிதான் பெயர். 1823-இல் கட்டிய பால்கன் பாணி வீடு. 1892-இல் உரிமையாளர் 'தேவாலயத்தருகே' என்று பெயர் வைத்தார். கோயில் பெயரை மதுக்கடைக்கு வைப்பதா என்று திருச்சபை எதிர்க்க, தற்காலிகமாக ஒரு கேள்விக்குறியை மாட்டினார். அது நிரந்தரமாகிவிட்டது. தாழ்ந்த முக்காலிகளில் பிற்பகல் காபிக்கு உட்கார நல்ல இடம்.

இரவுக்கு ஸ்கதார்லியா. கருங்கல் பாவிய சரிவுத் தெரு. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கவிஞர்களும் நடிகர்களும் குடித்துக் கடன் சொன்ன பகுதி. 'மூன்று தொப்பிகள்', 'இரண்டு மான்கள்' என்ற பழைய கஃபானாக்கள் இன்னும் உண்டு. சுற்றுலாக் கூட்டம் அதிகம், விலையும் கொஞ்சம் கூடுதல். ஒரு முறை போவது நியாயம், இரண்டாம் மாலையும் இங்கேயே வேண்டாம். வ்ராச்சாரில் கலெனிச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில், பலகையில் செர்பிய மொழி மட்டும் இருக்கும் கஃபானாவாகப் பார்த்து நுழையுங்கள். வெள்ளி, சனி என்றால் மேசையை முன்பே சொல்லி வையுங்கள்.

உட்கார்ந்ததும் முதலில் ரக்கியா வரும். பழத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சி இறக்கிய மது. ஷ்லியீவா ப்ளம் பழத்தில், துன்யா சீமைமாதுளையில், கைசியா சர்க்கரை பாதாமியில். செர்பியாவின் ப்ளம் ரக்கியா மரபு 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாற்பது சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ளது. ஒரே மடக்கில் விழுங்குவது அங்கே நாகரிகம் அல்ல, சிறு மடக்காகக் குடிப்பார்கள். கோப்பையைத் தட்டி "ஜிவெலி" என்று சொல்லும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டாம். மேசையில் பழரசக் கோப்பையோடு உட்கார்ந்தாலும் பாட்டு அதே பாட்டுதான்.

ஒன்பது மணிக்குமேல் வயலின், அக்கார்டியன், கித்தாரோடு இசைக்குழு மேசை மேசையாக வரும். உங்கள் மேசைக்கு வந்து வாசித்தால் நோட்டு கொடுப்பது வழக்கம். வேண்டாமென்றால் ஆரம்பத்திலேயே புன்னகையோடு தலையசைத்துவிடுங்கள், வாசித்து முடித்தபின் மறுப்பது அவமதிப்பு. பதினொன்றுக்குமேல் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்குவார்கள். வரிகள் தெரியாவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் வந்திருக்கிறோம்.

உள்ளே புகைபிடிக்க இன்னும் பல இடங்களில் தடை இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தையோடு போகிறவர்களும் வெளிமுற்ற மேசை கேட்டு வாங்குங்கள். பில்லுக்குமேல் பத்து சதவீதம் வைப்பது மரியாதை.

படி 7: இரண்டாம் நாள், மூன்று கல்லறைகள்

க்ருன்ஸ்கா தெருவில், மின்னியல் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லாவின் அருங்காட்சியகம் சிறிய மாளிகை. ஆங்கில விளக்கத்தோடு நடக்கும் நேரத்துக்குச் சரியாகப் போங்கள். விளக்கம் இல்லாமல் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். டெஸ்லா கம்பிச்சுருள் முழங்கும்போது, பார்வையாளர் கையில் கம்பியே இல்லாமல் பிடித்திருக்கும் குழல்விளக்கு பளீரென்று எரியும். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்களும்தான். இன்றைய குரோஷியாவில் பிறந்து, 1943-இல் நியூயார்க்கில் இறந்த மனிதர் அவர். பெல்கிரேடுக்கு 1892-இல் ஒரே முறைதான் வந்தார். ஆனாலும் அவருடைய சாம்பல் இங்கே பொன்னிறக் கோளம் ஒன்றில் இருக்கிறது.

அங்கிருந்து நடந்தால் வ்ராச்சார் மேட்டில் புனித சாவா பேராலயம். செர்பியத் திருச்சபையை நிறுவிய சாவாவின் உடலெச்சங்களை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கியத் தளபதி சினான் பாஷா எரித்ததாகக் கருதும் இடம். 1935-இல் கட்டத் தொடங்கினார்கள், 1941-இல் போர் நிறுத்தியது, 1985-இல்தான் மறுபடி கையெடுத்தார்கள். சுமார் 4000 டன் எடையுள்ள குவிமாடத்தைத் தரையிலேயே கட்டி 1989-இல் மேலே தூக்கி வைத்தார்கள். உள்ளே பொன் மொசைக்குகள் மினுங்கும். கீழ்த்தளத்துக்கும் தவறாமல் இறங்குங்கள்.

பிற்பகலில், செர்பியாவும் சேர்ந்திருந்த பழைய கூட்டாட்சி நாட்டைப் பற்றிய யூகோஸ்லாவிய அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் 'மலர்களின் இல்லம்', 1980 மே 4 அன்று இறந்த யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் சமாதி. அவர் பிறந்தநாளுக்காக நாடெங்கும் இளைஞர்கள் கைமாற்றி ஓடிவந்த தொடர் ஓட்டத் தடிகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. நம் பெற்றோர் தலைமுறைக்கு யூகோஸ்லாவியா என்றால் அணிசேரா இயக்கம். அதன் முதல் உச்சி மாநாடு 1961 செப்டம்பரில் இதே ஊரில்தான் நடந்தது. நேரு வந்தார், இலங்கையிலிருந்து சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தார். எகிப்தின் நாசர், இந்தோனேசியாவின் சுகர்ணோ, கானாவின் நிக்ருமா எல்லோரும் இருந்தார்கள். மாநாட்டுத் தலைவர்கள் நட்ட மரங்கள் ஆற்றுக்கு அக்கரையில் நட்புப் பூங்காவில் பெரிதாக வளர்ந்து நிற்கின்றன. புதிய பெல்கிரேடு எனும் அந்தப் பகுதியில் நேரு பெயரிலும் காந்தி பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன.

திரும்பும் வழியில் க்னெஸா மிலோஷா தெருவில், 1999-இல் குண்டு துளைத்த ராணுவத் தலைமையகத்தின் இடிபாட்டைப் பார்ப்பீர்கள். தாஷ்மைதான் பூங்காவில் 'ஏன்?' என்று ஒற்றைச் சொல் பொறித்த கல் இருக்கிறது. அந்த ஏப்ரல் 23 அதிகாலையில் தொலைக்காட்சி நிலையத்தின்மேல் விழுந்த குண்டுக்கு இரையான 16 ஊழியர்களுக்கானது. உள்ளூர்க்காரரோடு பேசும்போது அந்த 78 நாள் குண்டுவீச்சு பற்றியும் கொசோவோ பற்றியும் தீர்ப்பு சொல்ல முனையாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: இரவு

பெல்கிரேடின் இரவு நம் கணக்கில் மிகவும் தாமதம். பத்து மணிக்கு மதுக்கூடம், பன்னிரண்டுக்குமேல் நடனக்கூடம், விடிகாலை நான்கு ஐந்துவரை. இரண்டாம் நாள் மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுவது இந்தப் படியின் முக்கியமான பகுதி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சும் மதுவும் போதும் என்றால் ஸ்கதார்லியாவை ஒட்டிய செட்டின்ஸ்கா தெரு 15-ஆம் எண்: பழைய மதுவடிசாலை வளாகம், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல மதுக்கூடங்கள். தோர்ச்சோலின் சிறு கடைகளும் இந்த வகை. உடை பற்றிய கெடுபிடி இல்லை, தனியாகப் போகிறவர்களும் எளிதாகக் கலந்துவிடலாம்.

இரண்டாவது, கோட்டைக்குக் கீழே சாவா கரையில் உள்ள பெத்தோன் ஹாலா. பழைய சரக்குக் கிடங்குகளில் இப்போது கண்ணாடிச் சுவர் உணவகங்கள். நல்ல உடை உடுத்தி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இரவு உணவு என்றால் இங்கே. அதையடுத்த சாவமாலா ஒரு காலத்தில் கலைஞர்களின் பகுதி. 2016 ஏப்ரலில் ஓர் இரவில் முகமூடி அணிந்தவர்கள் அங்கே கட்டடங்களை இடித்துத் தள்ளியதும், அதை எதிர்த்து மக்கள் மஞ்சள் வாத்துப் பொம்மையோடு ஊர்வலம் போனதும் இந்த ஊரின் அண்மைக்கால வரலாறு. இன்று அந்தக் கரையில் உயரமான புதுக் கோபுரங்கள் எழுந்துவிட்டன.

மூன்றாவது ஸ்ப்லாவ். ஆற்றில் மிதக்கும் மேடைமேல் கட்டிய உணவகமோ நடனக்கூடமோ. பலகைப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனதும் காலடியில் தரை லேசாக ஆடும். மே முதல் செப்டம்பர்வரை இதுதான் ஊரின் இரவு. சிலவற்றில் மேற்கத்திய நடன இசை, சிலவற்றில் நாட்டுப்புறப் பாட்டை மின்னிசையில் முறுக்கிய டர்போ ஃபோக். எந்த இசை என்று கேட்டுவிட்டுப் போங்கள். நுழைவுக் கட்டணம் பல இடங்களில் இல்லை. ஆனால் மேசை முன்பதிவு இல்லாமல் வாசலைத் தாண்டுவது வார இறுதியில் கடினம். ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போனால் திருப்பி அனுப்பும் வாய்ப்பு அதிகம், அரைக்கால் சட்டையும் வேண்டாம். ஆற்றங்கரை மேம்பாட்டு வேலைகளால் ஸ்ப்லாவ்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் பெயர் சொல்லவில்லை. விடுதி வரவேற்பில் இருக்கும் இளைஞரிடம் "இந்த வாரம் நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள்.

பெண்கள் இரவில் நடமாட இது பொதுவாகப் பயமில்லாத ஊர். ஆனாலும் கரையோரப் பாதைகளில் விளக்கு குறைவு. தனியாக நடக்காமல் வண்டி அழைத்துக்கொள்வது நல்லது. உங்கள் கோப்பை எப்போதும் உங்கள் கண்முன் இருக்கட்டும். ரெட் ஸ்டாருக்கும் பார்ட்டிஸானுக்கும் கால்பந்து நடக்கும் நாளில் சிவப்பு வெள்ளையோ கறுப்பு வெள்ளையோ உடுத்தி வெளியே போகாதீர்கள். 2024 நவம்பரில் நோவி சாத் ரயில் நிலையக் கூரை சரிந்து 16 பேர் இறந்த பிறகு மாணவர்களின் பெரும் போராட்டங்கள் எழுந்தன. ஊர்வலம் நடக்கும்போது மையத் தெருக்கள் அடைபடும். விமான நாளாக இருந்தால் முன்கூட்டியே கிளம்புங்கள்.

படி 9: மூன்றாம் நாள், ஸெமுன்

இரவு முழுக்க விழித்தவர்களுக்கு ஏற்ற நாள். ஸெலெனி வெனாத்ஸிலிருந்து பேருந்தேறி டான்யூப் கரையில் உள்ள ஸெமுனுக்குப் போங்கள். 1918 வரை இது வேறு நாடு; ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசின் எல்லை ஊர். தாழ்ந்த ஓட்டு வீடுகள், குறுகிய கல் சந்துகள், மேட்டின்மேல் 1896-இல் ஹங்கேரியர் எழுப்பிய கர்தோஷ் கோபுரம். மேலேயிருந்து சிவப்புக் கூரைகளும், அப்பால் விரிந்த ஆறும், தூரத்தில் முதல் நாள் நின்ற கோட்டையும் தெரியும். கரையோர உணவகங்களில் ஆற்று மீனில் சிவக்க வைக்கும் ரிப்லியா சோர்பா எனும் மீன் சாறு உண்டு. காரம் கூடுதலாகக் கேட்டால் தருவார்கள். கோடை என்றால் மதியத்துக்குமேல் அதா சிகன்லியா ஏரியில் நீந்தலாம்; ஊர்க்காரர்கள் அதை 'பெல்கிரேடின் கடல்' என்கிறார்கள்.

காலை உணவை ஸெமுன் புறப்படுமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். புரெக் எனும் மெல்லிய மாவு அடுக்கு விடிகாலையில் சுடச்சுட வருவது. வட்டத் தட்டில் சுட்டு, கால்பங்காக வெட்டி, எடைபோட்டுக் கொடுப்பார்கள். "சா சிரொம்" என்றால் பாலாடைக்கட்டி வைத்தது, "சா மெசொம்" என்றால் இறைச்சி வைத்தது. கூடவே குடிக்கும் தயிர் ஒரு பாட்டில். பெரும்பாலும் நாற்காலி இருக்காது. நடனக்கூடத்திலிருந்து நேராக வந்த இளைஞர்களும், வேலைக்குக் கிளம்பிய டிராம் ஓட்டுநர்களும் ஒரே நிலைமேசையில் கைநெய்யைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். எட்டு மணிக்குமேல் போனால் நல்ல பங்குகள் தீர்ந்திருக்கும்.